ஃப்ரீசர் – உறைவிப்பான்: 'வி' செய்யும் வேலை

ஃப்ரீசருக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பலர் 'குளிர்சாதனப் பெட்டி' என்று சொல்லிவிடுவார்கள். அது ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜின் வேலை குளிர வைப்பது, ஃப்ரீசரின் வேலை உறைய வைப்பது. இரண்டும் ஒரே ஓசையில் தொடங்குவதால் அக்கா தங்கை போலத் தோன்றும், ஆனால் உறவு கிடையாது. ஃப்ரிட்ஜுக்கு மூலம், குளிரைக் குறிக்கும் 'ஃப்ரிகஸ்' என்ற லத்தீன் சொல். ஃப்ரீசரோ 'ஃப்ரியோசன்' என்ற பழைய ஆங்கில வினையின் வழி வந்தது. அதற்குப் பொருளே உறைதல்தான்.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் 'உறைவிப்பான்'. பகுதி 'உறை'. பழைய சொல்தான்: புறநானூற்றின் 276-ஆம் பாடலில், குடத்துப் பாலில் தெறித்த 'சில்லுறை' வருகிறது. ஒரு குடம் பாலையும் இறுகச் செய்யும் சில துளி மோர் அது. நெய்யும் உறைகிறது, இரத்தமும் உறைகிறது, நீரும் உறைகிறது. ஆனால் எல்லாம் ஒரே காரணத்தால் அல்ல. பால் தயிராக உறைவது நுண்ணுயிர்கள் வேலை செய்வதால். ஃப்ரீசரிலோ பொருள் உறைந்ததும் அவற்றின் வேலை நின்றுபோகிறது. நிற்கிறதே தவிர, எல்லாம் செத்துவிடுவதில்லை. 'உறை' என்றால் தங்கியிருத்தல் என்றும் பொருள் உண்டு, உறைவிடம் என்கிறோமே. அந்தப் பொருளும் இங்கே பொருந்திவிடுகிறது: நுண்ணுயிர்கள் பலவும் உள்ளேயே உறைந்து கிடந்து, சூடு ஏறியதும் மறுபடி பெருகத் தொடங்கும். அதனால்தான் உறைந்த இறைச்சியை மேடைமேல் மணிக்கணக்கில் போட்டு வைக்காமல், ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளகவிடச் சொல்கிறார்கள்.

சரி, 'வி'க்கு வருவோம். 'உறை' தன்வினை, தானே உறைவது. 'உறைவி' பிறவினை, இன்னொன்றை உறையச் செய்வது. (கடைசியில் வரும் 'ஆன்' ஆண்பால் விகுதி ஆயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தெளிப்பான், அழிப்பான் எல்லாம் பழகிப்போன பிறகு இதைமட்டும் தடுப்பானேன்?) இலக்கண நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஃப்ரீசர் கதவில் வெப்பநிலையைக் குறிக்கும் நட்சத்திரங்கள் சிலவற்றில் இருக்கும். மின்சிக்கன நட்சத்திரம் வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று என்றால் −6 பாகை செல்சியஸ், இரண்டு −12, மூன்று −18. இந்த மூன்றும் ஏற்கெனவே உறைந்ததைக் காப்பதற்கு. புதிய உணவை உறையச் செய்யும் திறனுக்கு அடையாளம் நான்கு நட்சத்திரம். கறாராகப் பார்த்தால் 'உறைவிப்பான்' என்ற பெயர் அதற்கு மட்டுமே தகும். மற்றவற்றை 'உறைகாப்புப் பெட்டி' எனலாம், இது என் யோசனை.

மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து உணவின் செல்களைக் கிழித்துவிடும், இளகும்போது நீர் வடிந்து சப்பென்று போகும். அதனால் சூடானதை அப்படியே உள்ளே திணிக்காமல், சிறு பொட்டலங்களாக, தட்டையாக வைப்பது நல்லது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பதால் கண்ணாடிப் புட்டியை நிரம்ப நிரப்பி வைக்கக் கூடாது.

'ஃப்ரீசர் பர்ன்' என்பதை 'உறைபனித் தீய்ச்சல்' என்று பெயர்த்தால் தவறான படம் கிடைக்கும். அங்கே எதுவும் தீய்வதில்லை. பனி நீராகாமல் நேரே ஆவியாகிப் போக, மேல்பகுதி காய்ந்து வெளுக்கிறது. 'உறைவறட்சி' என்றால் பொருந்தும். காற்றுப் புகாமல் இறுகச் சுற்றினால் அது வராது. வந்தாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, சுவைதான் போச்சு.

'டிஃப்ராஸ்ட்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் உணவுக்கும் பெட்டிக்கும் சேர்த்தே சொல்கிறார்கள். தமிழில் பிரித்துக்கொள்ளலாம்: உணவுக்கு 'இளக்குதல்', பெட்டிக்கு 'பனி களைதல்'. சுவரில் உறைபனி அரை சென்டிமீட்டர் தடித்துவிட்டால் களைய வேண்டிய நேரம். மின்இணைப்பைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, தானாக உருக விடவேண்டும். 'களைதல்' என்பதைச் 'சுரண்டுதல்' என்று எடுத்துக்கொண்டு கத்தியால் குத்தினால் உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய்க்குள் இருப்பது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் வாயு.