புகையை எரிக்கப் பழகுதல்

ஊட்டியில் ஜனவரி இரவு என்றால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். விடியும்போது புல்வெளி முழுக்க உறைபனி படிந்து கிடக்கும். அந்தக் குளிருக்காகத்தான் கூடத்தின் மூலையில் ஓர் இரும்பு விறகடுப்பு வைத்தோம். முதல் மாதம் அறை சூடாகவே இல்லை. அடுப்புக் கதவின் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துப்போனது. புகைக்குழாயின் இணைப்பிலிருந்து டிக்காஷன் நிறத்தில் ஏதோ சொட்டியது. அடுப்புதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஈர விறகு. அடுப்பு என்ன செய்யும்?" என்றார்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டினால் தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். விறகிலும் இதுவேதான் நடக்கிறது. கட்டை சுமார் 250, 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மரம் சிதைந்து வாயுக்களாகப் பிரிகிறது. நாம் பார்க்கும் தீப்பிழம்பு அந்த வாயுக்கள் எரிவது. மிஞ்சுவது கரி, அது கங்காகக் கனன்று எரியும். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுதாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடும் போதுமான காற்றும் வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே புகையாகப் போய்விடும். குழாயில் தடித்த புகை தெரிந்தால், காசு கொடுத்து வாங்கிய விறகு எரியாமலே கூரைக்கு மேலே போகிறது என்று அர்த்தம்.

ஈரம் கெடுப்பது இந்த இடத்தில்தான். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 5 கிலோ பச்சை விறகைப் போடுவது, தீக்குள் இரண்டரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுவது மாதிரி. தண்ணீரைக் கொதிக்கவைக்கச் செலவாகும் வெப்பத்தைவிட, கொதித்த தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கச் சுமார் ஏழு மடங்கு செலவாகும். அவ்வளவையும் தண்ணீரே குடித்துவிட்டால் வாயுக்கள் எரியச் சூடு எங்கே மிஞ்சும்? நீராவியும் எரியாத தாரும் குழாயின் குளிர்ந்த சுவரில் படிந்து கிரியோசோட் ஆகின்றன. எங்கள் வீட்டில் சொட்டியது அதுதான். காய்ந்து இறுகிவிட்டால் அதுவே எரிபொருள், குழாய்க்குள் தீப்பிடிக்கும். வருடம் ஒருமுறையாவது குழாயைச் சுரண்டித் துப்புரவு செய்தே ஆக வேண்டும்.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்ல விறகு. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது மந்தமாகச் சத்தம் போடும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்புகள் ஓடியிருக்கும். ஈரக் கட்டையின் முனையிலோ தீயில் நுரை கொப்பளித்து உஸ்ஸென்று சீறும்.

நீலகிரியில் விறகு காயவைப்பது லேசான காரியமில்லை. தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் வரும். அதனால் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகியவற்றின் துண்டுகளை ஜனவரியிலேயே பிளந்து, வெயில் மாதங்களில் காற்றோட்டமாக அடுக்கி, ஜூனுக்கு முன் மேலே மட்டும் தகரம் போட்டு மூட வேண்டும். பக்கங்களைத் தார்ப்பாயால் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம் காற்று. சூடான புகை இலேசாகி மேலே ஏறுவதால்தான் புதுக்காற்று அடுப்புக்குள் இழுபடுகிறது. ஊட்டி இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் இழுப்பும் குறைவு. குழாய் உயரமாகவும் வளைவுகள் இல்லாமலும் இருப்பது சமவெளியைவிட இங்கே முக்கியம். பழைய பங்களாக்களின் திறந்த கணப்பில் இழுப்பு தாராளமாக உண்டு, ஆனால் அறையின் சூடான காற்றையும் சேர்த்து வெளியே கொண்டுபோய்விடும். முகம் வேகும், முதுகு நடுங்கும்.

தீ மூட்டுவதில் எனக்குப் பிடித்தது தலைகீழ் முறை. பெரிய கட்டைகள் அடியில், அதன் மேல் சிறியவை, உச்சியில் சுள்ளி. உச்சியில் பற்றவைத்தால், கீழிருந்து கிளம்பும் வாயுக்கள் தீயைக் கடந்துதான் மேலே போக வேண்டும். போகும் வழியிலேயே எரிந்துவிடும். தொடக்கத்தில் காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து வைத்து, தீ நன்றாகப் பிடித்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். இரவு முழுக்கத் தாங்கட்டும் என்று திறப்பை இறுக மூடினால் மறுபடியும் அதே கறுத்த கண்ணாடிதான்.

புகையே இல்லாத நெருப்பு ஒன்று இருக்கிறது: கரிச்சட்டி. குளிருக்கு அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் மலைகளில் இறந்திருக்கிறார்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கும். தூக்கத்தில் அதுவும் தெரியாது. குழாய் இல்லாத எந்த நெருப்பையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்றும் நம்ப வேண்டாம். சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, இன்னொரு கம்பளி போர்த்திக்கொண்டு படுங்கள்.