லென்ஸைத் திருப்பி மாட்டினால்

மலேசியாவில் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆண் பாளை பூத்தால் சோம்பு வாசம் அடிக்கும். கிட்டப் போனால் பாளை முழுக்க மூக்கு வண்டுகள், அரிசி வண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டுகளின் வாரிசுகள் இவை. அதற்கு முன்பு தோட்டத்து ஆட்கள்தான் கையால் மகரந்தம் தூவினார்கள்.

மூன்று, நான்கு மி.மீ. வண்டைப் படமெடுக்க, சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் வேண்டியதில்லை. லென்ஸ் தூரத்துப் பெரிய பொருளைப் பின்னால் சென்சாரில் (படம் பதியும் சில்லில்) சின்னதாக விழவைக்கிறது. அதையே திருப்பி மாட்டினால் சின்னது பெரிதாகும். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய உயிரளவு தரும், அதாவது சென்சாரில் பொருளின் அதே அளவு விழும், 28 மி.மீ. சுமார் இரு மடங்கு. 4 மி.மீ. வண்டு 8 மி.மீ. ஆகி, ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சாரின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

லென்ஸைத் திருப்பி மாட்டித் தரும் வளையத்தில் கண்ணாடி கிடையாது, அதனால் மலிவானதே போதும். ஒரு பக்கம் கேமராவின் மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வாய்), மறுபக்கம் லென்ஸின் முன்பக்கத்து ஃபில்டர் மரை. கேமரா பக்கம் பொருந்தினால் சரி, லென்ஸ் எந்த பிராண்டாக இருந்தாலும் கவலையில்லை. நான் ஏமாந்தது மரை அளவில். லென்ஸில் 50 என்றிருந்ததைப் பார்த்து அந்த அளவில் வளையம் கேட்டேன். கடைக்காரர் 52 எடுத்துக் கொடுத்தார். 50 என்பது குவியத் தூரம். மரை அளவு ø குறியை ஒட்டி இருக்கும், முன்மூடியின் உட்புறத்திலும் பார்க்கலாம். என்னுடையது 49. பிறகு இரண்டு அளவையும் இணைக்கும் 49–52 ஸ்டெப் வளையம் தனியாக வாங்கினேன்.

அதைவிடப் பெரிய தலைவலி அப்பர்ச்சர், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. அப்பர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி லென்ஸைக் கழற்றினால் துளை சுருங்கி வ்யூஃபைண்டர் இருட்டிவிடும். கேனன் இஎஃப் லென்ஸ் முழுக்கத் திறந்தே நிற்கும். மின் இணைப்போடு வரும் வளையங்களும் உண்டு, விலைதான் கூடுதல். என்னைக் கேட்டால், அப்பர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸே மேல். திறந்து வைத்து ஃபோகஸ் பார்த்துவிட்டு எஃப் 8க்குத் திருப்பலாம் (எஃப் எண் கூடினால் துளை சின்னதாகும்). இரு மடங்கு பெருக்கத்தில் அந்த எஃப் 8ம் எஃப் 22ஐவிட இருட்டாகிவிடும், ஆகவே ஃபிளாஷ் கட்டாயம்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் கேமராவுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் (வெற்றுக் குழாய்) சேர்ப்பது நல்லது. சோனி இ மவுண்டில் சென்சார் வாயிலிருந்து 18 மி.மீ.யிலேயே இருக்கிறது, நிக்கான் எஃப்பில் 46.5. தூரம் குறைந்தால் பெருக்கமும் குறையும்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பயனில்லை, கேமராவோடு நாம்தான் முன்னும் பின்னும் அசைய வேண்டும். வண்டுக்கும் லென்ஸுக்கும் இடையே நாலரை சென்டிமீட்டர்தான். "அண்ணே, தும்பிக்கை இருக்கு!" என்று திரையைப் பார்த்த தம்பி பாளையைத் தட்டிவிட்டான், மகரந்தம் நேராகப் பின்கண்ணாடியில் விழுந்தது. அன்று சாயங்காலமே ஒரு பழைய பின்மூடியின் நடுவில் ஓட்டை வெட்டி அங்கே மாட்டிவிட்டேன்.