ரிஃப்ரெஷ் அழுத்தாமல் வேலை வந்து சேர

நியூயார்க்கில் காலை 9 மணிக்கு ஒருவர் அலுவலகம் வந்து, தன் கடைக்கு லோகோ வேண்டும் என்று ஆன்லைன் ஏலத் தளத்தில் போடும்போது மதுரையில் மாலை 6.30. அங்கே குளிர்காலம் என்றால் 7.30. திருப்பாலையிலும் திருமங்கலத்திலும் வீட்டிலிருந்தே டிசைன், மொழிபெயர்ப்பு, கோடிங் என்று பிட் (இந்த வேலையை இவ்வளவு தொகைக்குச் செய்து தருகிறேன் என்ற ஏலக் கேட்பு) போட்டுச் சம்பாதிக்கும் பலருக்கு உண்மையான வேலைநேரம் அப்போதுதான் தொடங்குகிறது. நல்ல ப்ராஜெக்ட் என்றால் பிட்டுகள் மளமளவென்று குவியும். தாமதமாகப் பார்த்தவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கிளையன்ட் அவ்வளவு தூரம் படித்து வருவது சந்தேகம். அதனால் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரிஃப்ரெஷ் பட்டனைத் தட்டியபடியே மாலை கழிகிறது. கையில் இருக்கும் வேலையும் ஓடுவதில்லை.

இதற்குக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில், புது வேலை வந்ததும் காட்டும் ஒரு சின்னப் பெட்டி, அதாவது விட்ஜெட், போதும். ஒவ்வொரு ஏலத் தளமும் அதைத் தர வேண்டும் என்பேன். ஆனால் அது உள்ளே எப்படி இயங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது உதவியா தொல்லையா என்பது முடிவாகும்.

எளிய வழி, விட்ஜெட்டே நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம், அதாவது தளத்தை இயக்கும் கம்ப்யூட்டரிடம், ‘புது வேலை இருக்கிறதா?’ என்று கேட்பது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருதரம் டைம் கீப்பரிடம் போய் நிற்பதைப் போன்றது இது. ஒரு நாளைக்கு 1,440 கேள்விகள். ஒவ்வொரு முறையும் 200 கிலோபைட் அளவுள்ள பக்கம் முழுவதையும் இறக்கினால் 288 மெகாபைட்; மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவருக்கு இது சாதாரணச் செலவு இல்லை. ‘போன தடவைக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் அனுப்பு’ என்று கேட்கவும் வழி உண்டு. மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும். டேட்டா மிச்சமாகும். ஆனால் கேள்விகள் குறையாது. 10,000 பேர் இப்படிக் கேட்டால் சர்வருக்கு நொடிக்குச் சுமார் 167 கேள்விகள். பெரும்பாலானவற்றுக்குப் பதில் ‘இல்லை’. இவ்வளவு செய்தும் வேலை வந்த செய்தி சராசரியாக அரை நிமிடம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

சரியான வழி நேர் எதிரானது. விட்ஜெட் ஒரே ஒரு தடவை சர்வரோடு தொடர்பு கொள்ளும். சர்வர் பதிலை முடிக்காமல் அந்த இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். வேலை வரும்போது அதே இணைப்பில் சில வரிகள் வந்து விழும்: ஒரு வரிசை எண், தலைப்பு, பட்ஜெட், பதிவான நேரம். சில நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். பிரவுசர்களில் இதற்கு ‘சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ்’ என்ற முறை இருக்கிறது. இரு பக்கமும் பேச வேண்டிய சாட் போன்றவற்றுக்கு 2011-ல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் என்ற முறை பொருத்தம். இங்கே விட்ஜெட் கேட்டுக்கொண்டால் போதும் என்பதால் நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன்.

திறந்த இணைப்புக்கு ஒரு சிக்கல் உண்டு. அதில் எதுவும் போய்வராமல் இருந்தால், நடுவில் இருக்கும் ரவுட்டரோ மொபைல் நிறுவனத்தின் கருவியோ கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிடும். கொடுமை என்னவென்றால், இணைப்பு அறுந்தது இரு முனைக்கும் உடனே தெரியாது. விட்ஜெட் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். வேலைகள் கடந்து போய்க்கொண்டிருக்கும். இதற்காகச் சர்வர் சுமார் 15 நொடிக்கு ஒருமுறை, முக்காற்புள்ளியில் (:) தொடங்கும் ஒரு வரியை அனுப்பும். அப்படிப்பட்ட வரியைப் பிரவுசர் படித்துவிட்டுத் தள்ளிவிடும். ஆனால் வழியில் இருக்கும் கருவிகளுக்கு இணைப்பு உயிரோடு இருப்பது தெரிந்துவிடும்.

நம் ஊரில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்திய கரன்ட் மாலையில் வரும்போது ஒரு ஏரியாவின் ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்தே எழும். விட்ஜெட்டுகள் சேர்ந்தே சர்வரைத் தட்டும். ஒரு ஏரியாவைச் சர்வர் தாங்கும். சர்வரே படுத்து எழுந்தால் அந்த 10,000 பேரும் ஒரே நொடியில் வந்து நிற்பார்கள், அது மறுபடியும் படுத்துவிடும். கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கிய மெட்காஃபும் பாக்ஸும் 1970-களிலேயே இதே வகைச் சிக்கலுக்குத் தந்த தீர்வு இங்கும் உதவும்: முதல் முயற்சி தோற்றால் 1 நொடி, பிறகு 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கு, அதோடு ஆளுக்கு ஆள் மாறும்படி கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேர். கூட்டம் தானாகச் சிதறிவிடும். மறுபடி இணையும்போது விட்ஜெட் தான் கடைசியாகப் பார்த்த வரிசை எண்ணைச் சொல்ல வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் வந்தவற்றைச் சர்வர் அங்கிருந்து எடுத்துத் தரும்.

திறமை, குறைந்தபட்ச பட்ஜெட் போன்ற வடிகட்டல் சர்வரிலேயே நடக்க வேண்டும். எல்லா வேலைகளையும் அனுப்பிவிட்டு இங்கே வடிகட்டினால் மிச்சம் பிடித்த டேட்டா முழுவதும் போய்விடும். ‘2 நிமிடம் முன்பு’ என்பதைச் சர்வரிடம் கேட்கத் தேவையில்லை. பதிவான நேரத்தை உலகப் பொதுநேரத்தில் வாங்கி, கம்ப்யூட்டரே கழித்துச் சொல்லிவிடும். எத்தனை பிட் விழுந்தது என்ற எண்ணிக்கை நொடிக்கு நொடி மாறுவது. அதை வேலையைத் திறந்து பார்க்கும்போது மட்டும் காட்டினால் போதும்.

விட்ஜெட்டிலேயே ‘பிட் போடு’ பட்டன் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு பரவலாக வந்த கேட்ஜெட்டுகள் என்ற இதே வகைச் சின்னப் பெட்டிகளைப் பாதுகாப்புக் குறை காரணமாக 2012-ல் மைக்ரோசாஃப்டே முடக்கச் சொன்னது. எந்நேரமும் ஓடும் சின்னப் பெட்டியின் கையில் பெரிய அதிகாரம் இருக்கக்கூடாது. அதற்குத் தரும் அனுமதிச் சாவி வேலைப் பட்டியலைப் படிக்க மட்டுமே உதவ வேண்டும். அப்போது லேப்டாப் யார் கையிலாவது சிக்கினாலும், அந்தச் சாவியை மட்டும் வைத்து உங்கள் பெயரில் பிட் போட முடியாது. தளத்தில் நுழைந்து அதை ரத்து செய்தால் முடிந்தது.