இருபுறமும் குடைந்து மலைக்குள் சந்தித்த சுரங்கம்

கிரேக்கத்தின் சாமோஸ் தீவில் உள்ள பிதாகோரியோ சிறிய துறைமுக ஊர். பண்டைய சாமோஸ் நகரத்தின் மேலேயே இன்றைய வீடுகள் நிற்கின்றன. படகுகளைக் காக்கும் அலைத்தடுப்புச் சுவருக்கும் அடித்தளம் பழைய சுவர்தான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வியந்து எழுதிய மூன்று சாமோஸ் கட்டுமானங்களில் அச்சுவர் ஒன்று, ஹீரா என்ற தெய்வத்தின் கோயில் இன்னொன்று. என்னை மலைக்க வைப்பது மூன்றாவது: ஊருக்குப் பின்னாலுள்ள மலையை ஊடுருவும் 1,036 மீட்டர் சுரங்கம்.

நல்ல ஊற்று மலைக்கு அப்பால், மதிலுக்கு வெளியே இருந்தது. வெட்டவெளியில் கால்வாய் வந்தால் முற்றுகையிடும் எதிரி முதலில் அதைத்தான் உடைப்பான். ஆகவே கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் மெகாரா நகரத்துப் பொறியாளர் யூபலினோஸ் மலையைத் துளைக்கத் துணிந்தார், அதுவும் இருபுறமும் ஒரே சமயத்தில்.

திரும்பிப் பார்த்தால் வாயிலின் வெளிச்சம் தெரியும்வரை பாதை நேராகப் போகிறது என்று நம்பலாம். வடக்குப் பாதியில் பலவீனமான பாறை குறுக்கிட்டதால் பாதையை விலக்கி, முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலச் சுற்றிப் பழைய கோட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே வெளிச்சம் உதவாது. அளவுக் கணக்கு ஒன்றுதான் துணை.

பிழை வரும் என்று யூபலினோஸ் எதிர்பார்த்தே திட்டமிட்டார் என்பதுதான் அவருடைய மேதைமை. இணைகோடுகள் என்றால் இரண்டு குகைகளும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடக்கூடும். அதனால் சந்திப்பு நெருங்கியதும், ஒன்றையொன்று வெட்டியே தீரும் கோணத்தில் பாதைகளைத் திருப்பினார். உயரத்தில் தவறாமலிருக்க வடக்கே கூரையை உயர்த்தினார், தெற்கே தரையைத் தாழ்த்தினார். இரண்டும் சந்தித்தன.

சுரங்கத்தின் தரை ஏறத்தாழச் சமமட்டம். தண்ணீர் ஓட வாட்டம் வேண்டுமே! தரையின் ஓரமாகவே ஒரு வாய்க்காலை வெட்டினார்கள். வடமுனையில் சுமார் 4 மீட்டர் ஆழம், தென்முனையில் 8 மீட்டருக்கும் மேல். அதன் அடியில் சுடுமண் குழாய்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டன. பின்னாளில் வண்டல் படிந்து அடைத்தபோது, குழாய்களின் மேற்புறத்தை வெட்டித் திறந்து தூர்வாரியிருக்கிறார்கள். அப்படிப் பராமரித்ததால் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள், கி.பி. 7-ஆம் நூற்றாண்டுவரை, அந்த வழியே ஊருக்குத் தண்ணீர் வந்தது.