அரசு டெண்டரில் சிறு தொழிலுக்கு உள்ள சலுகை: கைநழுவும் இடங்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் பாக்குமட்டைத் தட்டு செய்யும் அக்கா ஒருவர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கேன்டீன் டெண்டருக்கு விண்ணப்பித்தார். முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் ஈட்டுப் பணம், EMD) கட்டவில்லை என்று தள்ளிவிட்டார்கள். பொருளைத் தயாரிக்கும் சிறு தொழில்கள் அந்தத் தொகையைக் கட்டவே வேண்டாம். ஆனால் அவருடைய உத்யம் சான்றிதழில் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) 'வியாபாரம்' என்று இருந்தது. புரோக்கர் செய்த வேலை. இலவசப் பதிவுக்குப் பணம் வேறு வாங்கியிருக்கிறார்.

2012 கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண்களுக்கு 3, எஸ்சி/எஸ்டி தொழில்முனைவோருக்கு 4 சதவீதம். மாநில அரசு, நகராட்சி டெண்டரில் இந்த ஆணையைக் காட்டிப் பயனில்லை.

முதலில் சான்றிதழை எடுத்துத் தொழில் குறியீட்டைப் பாருங்கள். 45, 46, 47 என்று மட்டும் தொடங்கினால் நீங்கள் வியாபாரி, சலுகை கிடையாது. தயாரிப்பவர் என்றால் இன்றே உத்யம் தளத்தில் திருத்துங்கள். டெண்டர் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. உழைப்பது மனைவி, பதிவு கணவர் பெயரில் என்றால் பெண்கள் ஒதுக்கீட்டில் எண்ண மாட்டார்கள்.

குறைந்த விலை கேட்டவர் சிறு தொழில் அல்லாதவராக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அவர் விலைக்கு இறங்கி வர உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். அப்படி வருபவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், குறைந்தது 25 சதவீத ஆர்டர் உங்களுக்கு. இதைப் பல அலுவலகங்களில் யாரும் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முன் அனுபவம், விற்றுமுதல் விஷயத்தில் விதி 'தளர்த்தலாம்' என்றுதான் சொல்கிறது. அந்த 'லாம்' போதும், உங்களைத் திருப்பி அனுப்ப. டெண்டரில் தளர்வு இருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி விலை போடாதீர்கள்.

அப்புறம் பணம். ஒப்பந்தம் என்ன சொன்னாலும், சரக்கை ஏற்றுக்கொண்டு 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது மாநில அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும். 'பில் மேலே போயிருக்கிறது' என்ற பதிலோடு அலைய வேண்டாம், மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் நிலுவைப் பணப் புகார் தளத்தில் புகார் போடுங்கள். குறை இருந்தால் 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாள் கணக்குக்கு முக்கிய ஆதாரம் டெலிவரி சலான். தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் வாங்கிவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.