ரசோன் தெரியாதவருக்கு ஒரு கடிதம்

மொரீஷியஸின் ரோஸ்ஹில் நகரில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பயிற்சி உண்டு. முகமறியாத ஒருவருக்கு, அந்த வாரம் வீட்டில் நடந்த ஏதாவது ஒரு சாதாரண நிகழ்ச்சியைக் கடிதமாக எழுத வேண்டும். கடிதங்கள் கட்டாகத் தஞ்சைப் பக்கம் ஆசிரியராக இருக்கும் என் நண்பருக்குப் போகும். அவர் தம் மாணவர்களிடம் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார். என் வகுப்பில் பெரும்பாலோர் வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறவர்கள், தமிழைப் பள்ளியிலும் கோயிலிலும் கற்றவர்கள். இந்த ஆண்டு பதினாறு வயது மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "ஞாயிற்றுக்கிழமை பாட்டி ரசோன் வைத்தார். எல்லாரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது."

"இதைப் படிக்கிறவருக்கு ரசோன் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"ரசோன் யாருக்கு சார் தெரியாது?" என்றாள்.

ரசம் என்னும் சொல் இந்தத் தீவில் ரசோன் ஆகிவிட்டது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவள், அடுத்த வாரம் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். பாட்டி நண்டும் முருங்கைக்கீரையும் போட்டு ரசம் வைப்பார் என்பதும், புளி கரைக்கும்போது யாரோடும் பேசமாட்டார் என்பதும், நண்டு ஓட்டை உடைத்து எல்லார் தட்டிலும் வைக்கும் வேலை முன்பு தாத்தாவுடையது என்பதும் அதில் இருந்தன. கடைசிப் பத்தியில், "தாத்தா போன பிறகு அந்த வேலையைப் பாட்டி என்னிடம் கொடுத்தார். என்னிடம் ஏன் கொடுத்தார் என்று இதை எழுதும்வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை" என்று எழுதியிருந்தாள்.

மூன்று வரிக்கும் ஒன்றரைப் பக்கத்துக்கும் இடையில் அவள் மனத்தில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்மவர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. அவள் மனத்தில் கொட்டுவதற்கென்று எதுவும் முன்னரே திரண்டு நிற்கவில்லை. படிக்கப்போகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலைதான் அதைத் திரட்டியது என்பது என் கணிப்பு.

1990-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்னும் ஆய்வு மாணவி எளிய சோதனை ஒன்றைச் செய்தார். ஒருவர், பலருக்கும் தெரிந்த பாடல் ஒன்றை மனத்துக்குள் பாடியபடி அதன் தாளத்தை மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் தட்டலை மட்டும் கேட்டுப் பாடலைச் சொல்ல வேண்டும். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் காதில் மெட்டு ஓடிக்கொண்டே இருப்பதால், அது எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்பதை அவரால் கற்பனை செய்துகொள்ளவும் முடியவில்லை. வீட்டாரிடம் பேசும்போது நாம் மேசையைத் தட்டினாலே போதும். மெட்டு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. "பாட்டி ரசோன் வைத்தார்" என்பது அப்படிப்பட்ட தட்டல்தான். முகமறியாதவருக்கு எழுதும்போதோ மெட்டையும் நாமே எழுதித் தர வேண்டியிருக்கிறது.

அப்படி எழுத முனையும்போதுதான் நினைவில் ஒரு சிக்கல் இருப்பது தெரிய வருகிறது. திரும்பத் திரும்ப நடப்பவற்றை மூளை தனித்தனியாக அடுக்கி வைப்பதில்லை. நூறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, 'ஞாயிறு என்றால் இப்படி' என்னும் பொது வடிவம் ஒன்று மிஞ்சுகிறது. அதில் அடுப்பு உண்டு, பாட்டி உண்டு, ஆனால் குறிப்பிட்ட ஒரு நாள் இல்லை. அந்தக் குறிப்பிட்ட நாளை மீட்க வேண்டுமானால் இடம், மணம், ஒலி, யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பன போன்ற துப்புகள் தேவை. சிதறிக் கிடக்கும் அந்தத் துணுக்குகளை ஒரே நிகழ்ச்சியாகக் கோப்பதில் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. "ரசோன் என்றால் என்ன?", "யார் உடைத்தது?" என்று கற்பனை வாசகர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அப்படிப்பட்ட ஒரு துப்பாகிறது. பேச்சைவிடக் கை மெதுவாக ஓடுவதும் இதற்கு உதவி. எங்கள் பிள்ளைகளுக்கு எழுதும் மொழியே கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதால் அது இன்னும் மெதுவாகிறது, அதைக் குறையாக நான் எண்ணுவதில்லை.

எழுதுவதால் உடலுக்கும் மனத்துக்கும் விளையும் பயனை முதலில் முறையாக அளந்தவர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஆவர். 1986-இல் வெளியான அவர்களின் ஆய்வில், 46 கல்லூரி மாணவர்கள் அடுத்தடுத்து நான்கு இரவுகள், ஒவ்வோர் இரவும் 15 நிமிடம் எழுதினார்கள். ஒரு குழு அற்பமான விஷயங்களை எழுதியது. மற்றவர்கள் தம் வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தை எழுதினார்கள். அவர்களிலும் சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் நடந்ததை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு துயரத்தை எழுதியவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களிடம் இந்தப் பயன் தெரியவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

பின்னர் எழுத்துகளைக் கணினியால் ஆராய்ந்தபோது, நாளுக்கு நாள் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' என்னும் வகைச் சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே போயினவோ அவர்களே கூடுதலாகப் பயன் பெற்றிருந்ததை பென்னிபேக்கர் குழுவினர் கண்டனர். அந்தக் கணக்கு ஆங்கிலச் சொற்களைக் கொண்டது. தமிழில் காரணம் பல நேரங்களில் 'ஆல்' என்னும் ஒற்றை உருபில் ஒளிந்துகொள்வதால் எண்ணுவது எளிதாக இராது. எண்ண முடிந்தாலும் முடியாவிட்டாலும், என் மாணவி எழுதிய அந்த 'ஏன்' இதே இனத்தைச் சேர்ந்தது. துணுக்குகளாகக் கிடந்தவை காரணத்தோடு கூடிய கதையாகிவிட்டால் மனம் அவற்றை மீண்டும் மீண்டும் எடுத்துப் புரட்டுவது குறைகிறது. 2001-இல் கிட்டி க்ளைன், ஏட்ரியல் போல்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு எழுதிய முதலாண்டு மாணவர்களிடம் வேண்டாத எண்ணங்களின் குறுக்கீடு குறைந்து, செயல்படு நினைவின், அதாவது ஒரு வேலையைச் செய்யும்போது வேண்டியதை மனத்தில் பிடித்துவைத்திருக்கும் திறனின், கொள்ளளவு சில வாரங்களில் சற்றுக் கூடியிருந்தது. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவதே ஒரு வேலை செய்கிறது என்பது இதன் கிளை: கோபமான முகத்தைப் பார்த்து 'கோபம்' என்னும் சொல்லைத் தேர்ந்தவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் கிளர்ச்சி தணிந்ததை மத்தேயு லீபர்மன் குழுவினர் 2007-இல் படம்பிடித்துக் காட்டினர். இவற்றையெல்லாம் சர்வரோக நிவாரணியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 146 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்த 2006-ஆம் ஆண்டின் கணிப்பு, எழுதுவதன் சராசரிப் பயன் உண்மையானது, ஆனால் சிறியது என்றே முடித்தது.

நெருங்கியவரிடம் சொல்லாததை அறியாதவரிடம் சொல்லிவிடும் வழக்கத்தை ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-லேயே குறித்திருக்கிறார். அந்நியர் நம் அன்றாட வாழ்வுக்குள் திரும்பி வரமாட்டார். அவரிடம் சொன்னது நாளைக் காலை சாப்பாட்டு மேசையில் நமக்கு எதிரே உட்காராது. இதையும் ஒருவர் எழுத்தில் சோதித்திருக்கிறார். சிக் ரூபின் என்பவரின் குழு, பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம் கையெழுத்து மாதிரி வேண்டும் என்று கேட்டு, முதலில் தாங்கள் தம்மைப் பற்றிச் சில வரிகள் எழுதிக் காட்டி, பிறகு தாளை நீட்டியது. அளவோடு மனம் திறந்தவருக்கு மனம் திறந்த பதில் கிடைத்தது. தனிப்பட்ட முறையில் எழுதுவதுபோல் காட்டி அளவை மீறி அந்தரங்கத்தைக் கொட்டியபோது பயணிகள் பின்வாங்கினார்கள். இதனால்தான் முதல் கடிதத்திலேயே கண்ணீர் வேண்டாம், ரசம் போதும் என்று வகுப்பில் சொல்கிறேன்.

சாதாரண நிகழ்ச்சியையே ஏன் கேட்கிறேன் என்பதற்கும் காரணம் உண்டு. டிங் ஜாங் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் அண்மை உரையாடல், கேட்ட பாட்டுகள் போன்றவற்றை எழுதி மூடி வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதைப் பார்க்க எவ்வளவு ஆவலாக இருப்போம் என்று கணித்தார்கள். உண்மையில் எழுந்த ஆவல் கணிப்பைவிடக் கூடுதலாக இருந்தது. சிறப்பு நாள்களைவிடச் சாதாரண நாள்களின் விஷயத்தில்தான் கணிப்பு அதிகமாகத் தவறியது. மொரீஷியஸ்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வே வேண்டாம். 1847-இல் இத்தீவு வெளியிட்ட 'போஸ்ட் ஆபீஸ்' அஞ்சல் தலைகள் ஒரு பென்னியில் 500, இரண்டு பென்ஸில் 500 என்று அச்சாயின. ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி நடன விருந்துக்கு அனுப்பிய அழைப்புகளில் ஒட்டப்பட்டவையும் அவற்றுள் உண்டு. வந்த உறையைக் கிழித்துப் போடுவது எல்லாருக்கும் இயல்பு. இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. போர்ட் லூயி புளூ பென்னி அருங்காட்சியகத்தில் மூலத் தலைகளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே விளக்கேற்றுகிறார்கள், ஒளி பட்டு நிறம் மங்கிவிடும் என்று.

கடிதத்தைப் பெறுகிறவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நன்றிக் கடிதம் எழுதியவர்களை அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இது: படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்னும் அச்சம் எழுதுகிறவர்களிடம் மிகுதி, அவருக்கு உண்டாகும் வியப்பையும் மகிழ்ச்சியையும் பற்றிய மதிப்பீடு குறைவு. எழுதுகிறவர் சொல் சரியாக அமைந்ததா என்று பார்க்கிறார், பெறுகிறவரோ நம்மை ஒருவர் நினைத்தாரே என்று பார்க்கிறார்.

இதன் கனமான சான்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வருகிறது. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்து, வெளியேறிய பின் தொடர் சிகிச்சையை மறுத்துவிட்ட 843 பேரை மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள் போயின. நலமாக இருக்கிறீர்கள் என நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் கேட்கப்படவில்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்ததை 2001-இல் வெளியான முடிவுகள் காட்டின. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், எதையும் கேட்காத கடிதம் என்னும் அந்த வடிவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தஞ்சையிலிருந்து பதில்கட்டு மூன்று வாரத்தில் வந்தது. என் மாணவிக்கு எழுதியிருந்த பெண், தங்கள் வீட்டில் நண்டு வாங்குவதே இல்லை என்றும், ரசத்தில் மிளகு எத்தனை தட்டிப் போடுவீர்கள் என்றும் எழுதிவிட்டு, "ஓட்டை எந்தப் பக்கத்திலிருந்து உடைக்க வேண்டும், அக்கா?" என்று கேட்டிருந்தாள். எத்தனையோ ஞாயிறுகள் உடைத்தவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை. அடுத்த ஞாயிறு தன் கையைத் தானே கவனித்துப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்: முதலில் கொடுக்கின் கணுவைத் திருக வேண்டும், பிறகுதான் ஓடு, தாத்தாவும் அப்படித்தான் செய்வாராம், பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.