ஆட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா?

ஓர் ஏழை வீட்டுக்கு ஆடு கொடுத்து மூன்றாவது மாதம் போய்ப் பார்த்தபோது முளைக்குச்சியில் கயிறு மட்டும் இருந்தது. "பையனுக்கு ஒரு வாரமாக் காய்ச்சல் தம்பி, கையில ஒண்ணும் இல்ல" என்றார் அந்த அக்கா. நாங்கள் கொடுத்த பெட்டை ஆட்டை வந்த விலைக்கு விற்றிருந்தார். வாழ்வாதாரத் திட்டங்களில் களப்பணிக்கு நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். 'பயனாளி ஆட்டைப் பராமரிக்கவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளாட்டுக்குச் சினைக்காலமே சுமார் 150 நாள். பிறக்கும் குட்டி விற்கிற அளவுக்கு வளர இன்னும் ஆறேழு மாதம். ஆக, ஆடு கைக்கு வந்து முதல் காசைப் பார்க்க ஏறக்குறைய ஒரு வருடம். அதுவரை ஆட்டை மேய்க்கவும் தழை ஒடிக்கவும் போகும் நேரமெல்லாம் கூலிக்குப் போகாத நேரம். நாம் உதவி என்று கொடுத்தது முதல் வருடம் அந்த வீட்டு வருமானத்தைக் குறைக்கத்தான் செய்யும். அந்த வருடத்தில் ஒரு காய்ச்சல் வராமல் இருக்குமா?

அதனால் இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் "என்ன வேணும்?" என்று முதலில் கேட்பதில்லை. நாங்கள் எதைத் தரப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், அதையே கேட்பார்கள். வாசலில் உட்கார்ந்து மாதத்துக்கு ஒன்றாகத் தரையில் 12 கட்டம் போடுகிறோம். கைநிறையக் கூழாங்கல். வேலை கிடைக்கும் மாதத்தில் நிறைய வைக்கவேண்டும், கிடைக்காத மாதத்தில் குறைவாக. கீழே இன்னொரு வரிசை, அது செலவுக்கு.

ஒரு வீட்டில் கணவரும் மனைவியும் சேர்ந்தே கல் வைத்தார்கள். கடன் என்று ஒரு கல்கூட விழவில்லை. நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். யாரோ கூப்பிட்டுக் கணவர் எழுந்து போனதும், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அறுவடை மாதத்தின் வரவிலிருந்து மூன்று கல்லை எடுத்துச் செலவுக்கு நகர்த்தினார். வேலையில்லாத மாதங்களில் வாங்கித் தின்ற முன்பணத்தை அறுவடைக் கூலியில் பிடித்துக்கொள்வார்களாம். அந்த வீட்டில் பணம் புழங்கும் மாதம் என்று நான் நினைத்தது, முன்கூட்டியே விற்றுப்போன மாதம். இந்த வீட்டுக்கு அன்றைக்கே ஆடு கொடுத்திருந்தால் அது கடன்காரர் வீட்டு வாசலில்தான் நின்றிருக்கும்.

இதை எங்களுக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு, சிறுகடன்கூட எட்டாத பரம ஏழைக் குடும்பங்களுக்காக 2002-ல் ஒரு திட்டம் தொடங்கியது. மாடோ ஆடோ கொடுப்பது அதில் ஒரு பகுதிதான். அது பலன் தரும்வரை வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சிறு தொகை, பயிற்சி, சேமிப்பு, வைத்திய உதவி, ஏறக்குறைய இரண்டு வருடம் அடிக்கடி வீடு தேடி வரும் ஒரு பணியாளர் என்று எல்லாம் சேர்ந்தே வரும். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்துப் பார்த்து 2015-ல் ஆய்வாளர்கள் முடிவு வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் குடும்பங்கள் முன்னைவிட நன்றாகவே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கல். அங்கே கொடுத்த கோழிகளில் நிறைய நோயில் செத்துப்போயின. கானாவில் ஒரு பிரிவினருக்கு மற்ற எதுவும் இல்லாமல் ஆடுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் திட்டம் தந்த அளவுக்கு அது பலன் தரவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு அந்த வெறுங்கயிறுதான் கண்ணில் நின்றது.

வங்கதேசக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. சொத்தில் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியவர்கள் மேலே ஏறிக்கொண்டே போனார்கள், அதற்குக் கீழே நின்றவர்கள் மறுபடி பழைய நிலைக்கே சரிந்தார்கள். அப்படியானால் ஒரே பணத்தை 100 வீட்டுக்குக் கிள்ளிக் கொடுப்பதைவிட 40 வீட்டுக்கு அள்ளிக் கொடுப்பது மேல். மீதி 60 வீட்டைத் தாண்டி நடக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். எனக்கு இன்னும் பழகவில்லை.

வாராவாரம் போய் அப்படி என்னதான் செய்வீர்கள் என்று நன்கொடை தருபவர்கள் கேட்பார்கள். பணியாளர் சம்பளம் அவர்கள் கண்ணுக்கு வெட்டிச் செலவு. நாங்கள் செய்வதும் பெரிதாக ஒன்றுமில்லை. புழுக்கை உருண்டையாக விழுகிறதா, இளகிப் போகிறதா என்று பார்ப்போம். குடற்புழு மருந்து கொடுத்தாகிவிட்டதா, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டாயிற்றா, சேமிப்பில் இந்த வாரம் ஏதாவது விழுந்ததா என்று கேட்போம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், ஆட்டு வியாபாரிக்குத் தெரிவதற்கு முன் எங்களுக்குத் தெரிந்துவிடும். பாதி வேலை அவ்வளவுதான்.

கல்லை நகர்த்திய அந்த வீட்டில் முதலில் வேலையில்லாத மாதங்களுக்கான தொகையைக் கொடுத்தோம். முன்பணம் வாங்காமல் ஒரு பருவம் கழிந்தது, அதற்கப்புறம்தான் ஆடு. 14 மாதம் கழித்து வழக்கம்போல் போயிருந்தேன். மறுபடியும் கூலி கிடைக்காத காலம். கடாக்குட்டி ஒன்றை விற்றிருந்தார்கள். "ஏவாரி குத்துமதிப்பா ஒரு விலை சொன்னான். எடை போடாம தரமாட்டேன்னுட்டேன்" என்றார் அந்த அம்மா. தாய் ஆடு மறுபடி சினையாக நின்றது. அடுத்த ஊசி எப்போது என்று சொல்ல நான் நோட்டைத் திறந்தேன். அவர் கதவைச் சாய்த்து, பின்பக்கம் கரியால் போட்டு வைத்திருந்த கோடுகளைக் காட்டினார்.